லாசாலில் இரண்டு நிமிடம்

சனிக்கிழமை, காலை 9.10. ஆல்பனி பேருந்து நிலையம். மொன்றியலுக்கு ஒருவழிக் கட்டணம் ஐம்பத்திரண்டு டாலர். தூரம் முந்நூற்று அறுபது கிலோமீட்டர். எல்லையில் வரிசை நீளாவிட்டால் ஐந்து மணித்தியாலம். என் தலையில் எங்கள் மாநிலத்து அமெரிக்க உதைபந்து அணியின் தொப்பி. பத்தொன்பது வருட அமெரிக்க வாழ்க்கையில் நவம்பர் மாதத்தில் அது இல்லாமல் நான் வெளியே இறங்கியது குறைவு. பையில் அக்காவுக்கு ஒரு சால்வை, அத்தானுக்கு அதே அணியின் சட்டை.

ஆனால் நான் போனது விளையாட்டுக்காக அல்ல. என் அக்கா சுதா மொன்றியலின் லாசால் பகுதியில் வட்டாரச் சபைத் தேர்தலுக்கு நின்றிருந்தாள். கட்சி இல்லை, சுயேச்சை. அவளுக்கு வேலை ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில். தினமும் காலையில் எட்டுப் பிள்ளைகளை ஒரே கயிற்றில் உள்ள வளையங்களைப் பிடிக்க வைத்து, எதிர்ப்பக்கத்துப் பூங்காவுக்கு நடத்திக்கொண்டு போவாள். நடுவே ஒரு சந்தி. பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற பாரவண்டிகள் அதில் நிற்காமல் திரும்பும். அங்கே ஒரு சிக்னல் விளக்கு போடுங்கள் என்று நான்கு வருடமாகக் கடிதம் எழுதிப் பார்த்தாள். கடைசியில், கேட்கிற இடத்தில் நின்று பயனில்லை, கொடுக்கிற இடத்தில் போய் இருப்போம் என்று தேர்தலில் இறங்கிவிட்டாள்.

தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, ஞாயிறு முழுக்க நான் வீட்டில நிக்க மாட்டன். அத்தானையும் எங்கட கட்டிடத்து ஆக்களையும் நீதான் கூட்டிக்கொண்டு போய் வோட்டுப் போட வைக்கோணும். உனக்கு இஞ்ச வோட்டு இல்லை. ஆனா கால் இருக்குத்தானே?"

இருக்கிறது என்றேன்.

காலை 11.30. பேருந்து மலைக்காட்டுக்குள் ஏறியது. இலை உதிர்ந்து முடிந்து மரங்கள் குச்சியாக நின்றன. பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். என் தொப்பியைக் கண்டதும் முகம் மலர்ந்து, எங்கள் அணித்தலைவனின் இடது கணுக்காலைப் பற்றி ஆரம்பித்தார். எந்த எலும்பு, எந்த நரம்பு, எத்தனை கிழமை ஓய்வு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் தெரிந்திருந்தது. இருவருமாக அந்தக் கணுக்காலை எழுபது மைல் தூரம் ஆராய்ந்தோம்.

பிறகு அவர் தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் நூலகக் கிளையை மூடுவது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு வியாழக்கிழமை மாலை கூட்டம் வைத்தார்கள். அன்று ஆட்டமும் இருந்தது. மண்டபத்தில் எண்பது நாற்காலி போட்டிருந்ததாகவும் வந்தது பதினொரு பேர் என்றும் பக்கத்து வீட்டு அம்மா மறுநாள் சொன்னார். அவர் அந்தப் பதினொருவரில் ஒருவர். நான் இல்லை. நூலகம் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் யார் வென்றது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். எங்கள் ஊர்ச் சபையில் என் பகுதிக்கு உறுப்பினர் யார் என்று கேட்டால் தெரியாது. அவருக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களே எங்கள் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். இல்லாவிட்டால் கதவு திறக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் தேர்தலைச் செவ்வாய்க்கிழமை வைத்திருப்பதற்குப் பழைய காரணங்கள் உண்டாம். ஆட்டம் நடக்கிற ஞாயிறில் வைத்துப் பார்க்கட்டும், பெட்டி காலியாகத்தான் வரும் என்று நானே நண்பர்களிடம் பகிடி விட்டிருக்கிறேன்.

கியூபெக்கில் உள்ளூராட்சித் தேர்தல் ஞாயிற்றுக்கிழமைதான்.

பிற்பகல் 1.15. எல்லை. எல்லோரையும் இறக்கிப் பெட்டிகளோடு வரிசையில் நிறுத்தினார்கள். கனடாக் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்க்குமுன் தொப்பியைப் பார்த்தார். "நாளைக்கு வெல்வீர்களா?" என்றார் ஆங்கிலத்தில். கணுக்காலைப் பொறுத்தது என்றேன். சிரித்தார். எதற்கு வருகிறீர்கள் என்று பிறகுதான் கேட்டார். என் அக்கா தேர்தலில் நிற்கிறாள் என்றேன். "எந்தத் தேர்தல்?" என்றார். நாளைக்கு உங்கள் மாகாணம் முழுவதும் நடக்கிற தேர்தல் என்றதும், "ஆ, வீ வீ" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார்.

மாலை 4.20. பேருந்து நிலையத்திலிருந்து மெட்ரோவில் கடைசி நிறுத்தமான அங்கிரினோன் வரை, பிறகு ஒரு பேருந்து. இரண்டுக்கும் ஒரே சீட்டு, மூன்று டாலர் எழுபத்தைந்து. அக்காவின் வீடு நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றில் முதலாம் மாடி. வாசலில் அவளுடைய படம் போட்ட பிரசுரக் கட்டுகள் செருப்புகளோடு கிடந்தன. அத்தான் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்பவர். நான் கொடுத்த சட்டையை அங்கேயே, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிப் பார்த்தார்.

இந்த ஆட்டத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். ஏழு வருடத்துக்கு முன் வந்தபோது, ஓவர் கணக்கை வைத்து அத்தானுக்கு விளங்கப்படுத்தினேன். அதுவரை கிரிக்கெட்டும் ஐஸ் ஹொக்கியுமாக இருந்தவர் அன்றோடு மாறினார். மேல்மாடி அல்பிரட் அண்ணையையும் மாற்றினார். மன்னாரில் உதைபந்து ஆடி முழங்கால் போனவர் அல்பிரட் அண்ணை. அவரே இந்த ஆட்டத்தில் விழுந்துவிட்டார் என்றால் பாருங்கள். அக்கா மட்டும் அசையவில்லை. "கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்குப் பேர் உதைபந்தோ?" என்பாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஒரு தாளைத் தந்தாள். நான்கு பெயர்கள்: அத்தான், அல்பிரட் அண்ணை, இரண்டாம் மாடியில் இருக்கும் சகோதரர்கள் இருவர். "பள்ளிக்கூடம் நடந்து ஏழு நிமிசம். எட்டு மணிக்குப் பூட்டுவினம். மத்தியானமே போங்கோ. பேந்து, பிறகு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

ஞாயிறு, பிற்பகல் 12.30. அக்கா விடிய ஏழு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கப் போய்விட்டாள். அத்தான் இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் எழும்பியிருந்தார். ஒரு மணிக்கு முதல் ஆட்டம். "இதொண்டு முடிய, பேந்து போவம், மச்சான்" என்றார். நானும் சரி என்றேன். அல்பிரட் அண்ணையும் இரண்டாம் மாடிச் சகோதரர்களும் ஏற்கெனவே வந்து திரைக்கு முன்னால் இருந்துவிட்டார்கள். அல்பிரட் அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா பூசை முடிந்து வருகிற வழியிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு, வரிசையே இல்லை, போங்கள் என்று எங்களை அதட்டிவிட்டு மேலே போனார்.

நாலேகால். முதல் ஆட்டம் முடிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. அன்று அதிகாலைதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். 4.25க்கு எங்கள் அணி. பத்து நிமிடத்தில் போய் வர முடியாது. இடைவேளையில் போவது என்று முடிவாயிற்று. இடைவேளையில் கொத்துரொட்டி வந்தது. பெட்டி பதினான்கு டாலர், ஐந்து பெட்டி. சூடாறிவிடும் என்றான் இரண்டாம் மாடித் தம்பி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஏழு மணிக்கு அக்கா எடுத்தாள். "போட்டாச்சோ?"

"வெளிக்கிடுறம்" என்றேன். அது பொய்.

7.20க்கு அத்தான் எழும்பினார். ஒரு கையில் வாக்காளர் அட்டை. "எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

திரையைப் பார்த்துச் சொன்னேன், "ரெண்டு நிமிசம்."

அவர் இருந்துவிட்டார். இரண்டு நிமிடத்துக்கு யார்தான் இருக்கமாட்டார்கள்? ஆனால் எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம் நம்முடைய இரண்டு நிமிடம் அல்ல. பந்து கோட்டுக்கு வெளியே போனால் மணிக்கூடு நிற்கும், பந்தை எறிந்து தவறவிட்டால் நிற்கும், பயிற்சியாளர் கையைத் தூக்கினால் நிற்கும், நடுவில் விளம்பரம் ஓடும். பத்தொன்பது வருடம் பார்த்தவன் நான். அத்தானுக்கு இன்னும் பழகவில்லை. அங்கிருந்தவர்களில் அந்த இரண்டு நிமிடத்தின் நீளம் தெரிந்த ஒரே ஆள் நான், சொல்லாமல் இருந்ததும் நான்.

அது பதினெட்டு நிமிடம் எடுத்தது. முடிவு சமநிலை.

"ஓவர்டைம்" என்றேன்.

"எங்களுக்கெண்டா ஓவர்டைமுக்கு ஒண்டரை மடங்கு சம்பளம்" என்றார் அல்பிரட் அண்ணை. எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் எழும்பவில்லை.

7.56க்கு வென்றோம். கட்டிப்பிடித்தோம், குதித்தோம், கீழ்வீட்டுக்காரர் கூரையில் தட்டினார். பிறகுதான் அத்தான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். குளிர்நாட்டில் சட்டென்று வெளியே ஓடவும் முடியாது. சப்பாத்து, ஜாக்கெட், தொப்பி. ஐந்து பேரும் ஓடினோம். அல்பிரட் அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மணி 8.04.

"தெசோலே, மெசியூ. செ ஃபெர்மே." மன்னிக்கவும், மூடியாகிவிட்டது.

அத்தான் அட்டையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். அதில் அவருடைய பெயர் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

9.30. அக்கா வந்தாள். தோற்றுவிட்டாள். போட்டியிட்ட நால்வரில் மூன்றாவது. எங்கள் நான்கு ஓட்டும் விழுந்திருந்தாலும் வென்றிருக்கமாட்டாள். இதைச் சொல்லித்தான் அன்றிலிருந்து நான் மனதைத் தேற்றுகிறேன், அது தேறுவதாக இல்லை. அவள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. யார் யார் வந்து போட்டார்கள் என்று அவளுடைய காப்பகத் தோழி வாக்குச்சாவடிக்குள் இருந்து கோடு கீறியது. எங்கள் கட்டிடத்துப் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். பிலோமினா அக்காவுக்குக் கோடு. எனக்கு முகம்கூடத் தெரியாத எத்தனையோ பெயர்களுக்குக் கோடு. அவளுடைய பெயருக்குக் கோடு. அதற்கு மேலே, ஒரே முகவரியில், அத்தானின் பெயர் சுத்தமாக இருந்தது.

கொத்துரொட்டிப் பெட்டிகள் அப்படியே கிடந்தன.

"வெண்டதோ?" என்று கேட்டாள் அக்கா.

அவள் எதைக் கேட்கிறாள் என்று அத்தானுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. "ஓம்" என்றார். போட்டிருந்த அணிச் சட்டையைக் கழற்ற முயன்றார். அது தலையில் மாட்டிக்கொண்டது. "சுதா, அடுத்தமுறை பேந்து…"

"அடுத்தமுறை நாலு வருசத்தால. இப்ப கயிறு பிடிக்கிற பிள்ளையளுக்கு மூண்டு வயசு. அப்ப அதுகள் பள்ளிக்கூடம் போயிடும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டாள். என்னிடம் மட்டும், "நீயும் மறந்திட்டியோ, தம்பி?" என்றாள். மறக்கவில்லை என்பதுதான் உண்மை.

திங்கள், காலை 9.40. திரும்பும் பேருந்து பதினொன்றரைக்கு. அக்கா ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். எனக்குப் புட்டுக் கட்டி வைத்திருந்தாள். மெட்ரோவுக்குப் போகிற பேருந்தின் தரிப்பிடம் அந்தச் சந்திக்கு எதிரேதான் இருந்தது. பெட்டியோடு போய் நின்றேன். குளிர் காதைக் கடித்ததால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். மின்கம்பத்தில் அக்காவின் படம் இன்னும் தொங்கியது.

எதிர்ப்பக்கத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் அக்கா, நான் கொடுத்த சால்வையோடு. பின்னால் எட்டுப் பிள்ளைகள், ஒரே கயிறு, எட்டு வளையம், எட்டு நிறத்தில் கம்பளித் தொப்பி. நடைபாதை விளிம்பில் நிறுத்திவிட்டு அக்கா வீதியில் ஓரடி இறங்கி, கையை உயர்த்தினாள். ஒரு பாரவண்டி நிற்காமல் திரும்பியது. இன்னொன்று. அவள் கையை இறக்கவில்லை. நான் கடந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கியிருக்கலாம். பெட்டி இருக்கிறது, பேருந்து வந்துவிடும் என்று நின்றேன்.

மூன்றாவது வண்டி நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கினான். பிள்ளைகள் கடக்கத் தொடங்கினார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தான், என் தொப்பியைப் பார்த்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

பத்தொன்பது வருடப் பழக்கம். நான் யோசிக்கவேயில்லை. என் கட்டைவிரலும் உயர்ந்துவிட்டது.

வீதியின் நடுவில், கையை உயர்த்தியபடி, அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.