விழுங்கக் கூடாத கோடியல்

1. நாக்கில் வெள்ளை

ஒரு திங்கட்கிழமை காலை தக்காளி சோஸில் உப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியை மறுபடி நாக்கில் வைத்தேன். பஞ்சை மென்றது போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கு முழுவதும் தயிர் தடவியது போல வெள்ளை படர்ந்திருந்தது.

அப்போது நான் கடுகண்ணாவைக்கு அருகே ஒரு சிறிய தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஜாம், சோஸ், விநாகிரி, கோடியல் என்ற பழப் பானம் ஆகியவை அங்கே தயாராகின. இரசாயனப் பட்டம்தான் எனக்கு அந்த வேலையைத் தந்தது. ஆனால் வேலையைச் செய்தது நாக்கு. சீனியையும் அமிலத்தையும் மீட்டர் அளந்துவிடும். பழம் அடிப்பிடித்ததா, சாறு பழசா என்பதை நாக்குத்தான் சொல்ல வேண்டும். நான் ருசி பார்க்காமல், காய்ச்சி இறக்கிய ஒரு பெட்சும் போத்தலில் இறங்காது.

கண்டி நகரில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார், என்னைப் போல யாழ்ப்பாணத்தவர். நெஞ்சுச் சளிக்கு நான் அன்டிபயோட்டிக் எடுத்திருந்ததைக் கேட்டறிந்துகொண்டு நாக்கைச் சுரண்டிப் பார்த்தார்.

"இது கண்டிடா எண்ட பூஞ்சணம். மருந்து தாறன். ஆனா சாப்பாட்டையும் கட்டோணும். சீனி, பாண், விநாகிரி, பழச்சாறு ஒண்டும் வேண்டாம். புளிக்க வைச்ச தோசையும் வேண்டாம். ஆறு கிழமை."

"டாக்டர், நான் வேலை செய்யிற இடத்தில அது எல்லாத்தையும்..."

"தெரியும் பிள்ளை. ஆனா நாக்குப் போனா அந்த வேலையும் இல்லைத்தானே?"

2. தண்ணியும் லேபலும்

தொழிற்சாலை முதலாளி அலவத்துகொடையைச் சேர்ந்த ஒரு ஹாஜியார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, சீனி வாணாம், விநாகிரி வாணாம், பழச்சாறும் வாணாம் எண்டா நம்மட பெக்டரியில மிச்சம் என்ன ஈக்கி? தண்ணியும் லேபலும் தான்."

சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "ஆமி கேம்புக்கு கோடியல் ஓடர் ஒண்டு ஈக்கி. நீங்க ருசி பாக்காட்டி நான் வேறாளத்தான் தேடோணும். கோவிச்சிக்க வாணாம்."

எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வேலை போனால் நான் கண்டியில் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் போகும். வடக்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குபவர்கள், ஏன் தங்குகிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டிய யுத்த வருடங்கள் அவை. ஹாஜியாரிடம் வேலை செய்கிறேன் என்பதுதான் என் பதில். ஊருக்குத் திரும்பப் பாதையும் இருக்கவில்லை.

ஆகவே துப்பத் தொடங்கினேன். கரண்டி நுனியளவு எடுத்து, நாக்கில் உருட்டி, எனாமல் பேசினில் துப்பி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பேன். மத்தியானத்துக்குச் சோறும் கீரையும் மீனும் கட்டிக்கொண்டு போவேன். இரண்டாம் கிழமை வெள்ளை கலைந்தது. மூன்றாம் கிழமை ருசி திரும்பியது. வெறும் சோறே இனித்தது.

போத்தல் நிரப்பும் பெண்களில் மூத்தவர் ராசாத்தி, வத்தேகமவைச் சேர்ந்தவர். "என்னங்க மிஸ், நாங்க ஊத்துறது அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் நாக்கை நீட்டிக் காட்டினேன். அதோடு அங்கே விஷயம் முடிந்தது.

சிங்களவரான ஸ்டோர் கீப்பர் பண்டார மட்டும் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. சந்தித் தேநீர்க் கடையில் மட்டும், மிஸ் இப்போது எதையும் விழுங்குவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு வீதியில் போய்த் திரும்பி எங்களிடம் வந்தபோது, "தமிழ் மிஸ் ஆமிக்குப் போகும் கோடியலைத் துப்புகிறார்" என்று ஆகியிருந்தது.

3. பீலா பென்னன்ன

அந்த வருடங்களில் கண்டிக்குள் போத்தலோடு போனவர்களுக்கு இந்தச் சொற்கள் தெரியும். சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலைக் காட்டி "பீலா பென்னன்ன" என்பார். சிங்களத்தில் குடித்துக் காட்டு என்று அர்த்தம். தண்ணீரோ பிள்ளையின் பாலோ, கொண்டுவந்தவர் ஒரு மிடறு குடித்தால் போகலாம். சொந்தக்காரர் குடிக்காததை யாரும் நம்பமாட்டார்கள்.

ஓடரை ஏற்ற வந்த அதிகாரி அந்தக் கணக்கில்தான் பேசினார். பேச்சு முழுவதும் சிங்களத்தில்.

"இந்த மிஸ் விழுங்குறதில்லையாமே?"

"நாக்குல வருத்தம் சேர்" என்றார் ஹாஜியார்.

"இதைக் குடிச்சா வந்தது?"

அதிகாரி ஏற்றவிருந்த நான்கு பெட்சிலும் ஒவ்வொரு போத்தலைத் தானே எடுத்துத் திறப்பித்தார். நான்கு கிளாஸ்கள் மேசைக்கு வந்தன. வாசலில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள்.

"குடிங்க."

குடித்தேன். நான் துப்பப் பழகியது வேலையைக் காப்பாற்ற. அன்று அதே வேலைக்காக விழுங்க வேண்டியிருந்தது. முதல் கிளாஸ் தொண்டையைச் சுட்டது போல இனித்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில், இனிப்பு இறங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு குத்தல். போத்தலில் இறங்கியபோது அந்த பெட்ச் சுத்தமாக இருந்தது. ஸ்டோரில் கிடந்த நாட்களில் புளிக்கத் தொடங்கியிருந்தது. கிழமைக்கணக்கில் சீனி தொடாத நாக்கு இல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் வாய் திறக்காவிட்டால் லொறி போய்விடும். திறந்தால், ஆமிக்குப் போகும் பானத்தில் ஏதோ இருக்கிறது என்று ஒரு தமிழ்ப் பெண்ணே சொன்னதாகும்.

"இந்த பெட்ச் போகக்கூடாது" என்றேன்.

"தங்கச்சி, சும்மா ஈங்க" என்றார் ஹாஜியார் மெதுவாக.

"தமிழ்ல பேச வேண்டாம்" என்றார் அதிகாரி. பிறகு என்னிடம், "ஏன்? என்ன போட்டிருக்கு?"

"ஒண்டும் போடேல்ல. ஈஸ்ட் பிடிச்சிட்டுது. குடிச்சா சாகமாட்டாங்கள். ஆனா சூட்டில கிடந்தா போத்தல் வெடிக்கும்."

"வெடிச்சா எப்பிடிச் சத்தம் கேக்கும்?"

எனக்குத் தெரியாது. பண்டார ஸ்டோர் வாசலிலிருந்து சொன்னார்: "துவக்குச் சுட்ட மாதிரி, சேர். போன வருசம் ஒண்டு வெடிச்சது. நான் மேசைக்குக் கீழ போயிட்டன்."

ஒரு சிப்பாய் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மூன்றாவது கிளாஸில் மிச்சமிருந்ததைத் தானே எடுத்து ஒரு வாய் குடித்து, சிறிது நேரம் வாயில் வைத்திருந்தார்.

"என்ட கேம்ப்ல ராவில இது வெடிச்சா காவல் நிக்கிற சென்ட்ரி திருப்பிச் சுடுவான்" என்றார். நான்காவதையும் நான் குடித்து முடித்த பிறகு, மற்ற மூன்று பெட்சுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

4. பண்டாரவின் பங்கு

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி. இண்டைக்குத் திரும்ப முதலாம் நாள்" என்றார்.

பண்டார அடுத்த நாள் என் அறைக்கு வந்தார். அவருடைய தமிழ் ஹாஜியாரிடம் பழகியது.

"மிஸ், கடையில அந்தக் கதைய நான் கெட்டதுக்கு செல்லல்ல. மிஸ் துப்பினா சாமான்ல பிழை எண்டு நெனச்சன்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, சிங்கள ஆள் சந்தேகப்படுறான் எண்டு மிஸ் நெனப்பீங்க."

அவர் சொன்னது சரி. அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"இனி வாங்க வாற ஆக்கள்ட முன்னுக்கு நான் குடிக்கிறன்" என்றார். ஹாஜியாரும் சம்மதித்தார்.

இரண்டாவது முறை ஆறு கிழமையையும் முடித்தேன். நாக்கு சுத்தமாகியது. மருந்தாலா, சாப்பாட்டுக் கட்டாலா என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ருசி அறிய விழுங்கத் தேவையில்லை, துப்பப் பழகிக்கொள்ளுங்கள். விழுங்குவது மற்றவர்கள் நம்புவதற்காக. அதைச் செய்ய ஓர் ஆள் இருக்கிறாரா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பண்டார இருந்தார். வாங்க வந்தவர் முன்னால் கிளாஸை ஒரே மூச்சில் முடித்து, வாயைத் துடைத்து, வெறும் கிளாஸை மேசையில் வைப்பார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, அது நல்லதுதானா என்று என் முகத்தைப் பார்ப்பார்.