கரி வியாபாரி ஆமோஸ் ஹாய்ல்

சுரங்க ஊரான ஹோல்ம்ராய்டில் ஆமோஸ் ஹாய்லைத் தெரியாதவர் கிடையாது. தெரியாவிட்டால் அவனே வந்து சொல்லிவிடுவான். ரக்பி ஆட்டத்தின் முட்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓரக்கோட்டில் ஓடினால் சனிக்கிழமைக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தும் என்பது வாஸ்தவம். மற்ற நாட்களில் அந்தக் கால்கள் மதுக்கடைக்குப் போய்வரத்தான் உதவின.

மீசை அரும்புமுன் அப்பனோடு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். ரக்பிக் கழகம் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய வாரமே மேலே ஏறி வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பெரிய மனுஷன் ஆகிவிட்டாராம்!

ஆனால் ஆட்டங்களை நடத்தும் வடக்குச் சங்கம் ஒரு கொக்கி போட்டிருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆடலாம், ஆனால் வாரம் முழுக்க வேறு நிஜமான வேலையும் பார்த்திருக்க வேண்டும். மதுக்கடை வேலை செல்லாது. மட்டம் போட்டால் ஆட்டமும் கிடையாது. அதற்காகக் கழகத்தார் ஒரு குதிரையும் வண்டியும் பிடித்துக் கொடுத்து, பக்கப்பலகையில் ‘ஆமோஸ் ஹாய்ல், கரி வியாபாரி’ என்று எழுதியும் கொடுத்தார்கள். வியாபாரி படுக்கையை விட்டு எழுந்திருப்பதற்குள் அவன் மனைவி கெசியா பாதித் தெருவை முடித்திருப்பாள். மூட்டையை முதுகில் ஏற்றி, வீட்டு வாசலிலுள்ள நிலவறைத் துளை வழியே கொட்டி, அடுத்த வீட்டுக்கு நடப்பாள். இரண்டு குளிர்காலம் அப்படித்தான் போயிற்று. முழங்கால் வீங்கியது. ‘என்னடி, நொண்டுற?’ என்று அந்தத் தடியன் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சங்கத்து ஆய்வாளர் பிக்கர்ஸ்கில் நேரில் வருகிறார் என்று சேதி வந்தது. ஆமோஸ் வேலைக்காரன்தானா என்று பார்க்க வருகிறாராம். இல்லையென்று தெரிந்தால் அவனுக்கு இறுதி ஆட்டமும் இல்லை, இனி எந்த ஆட்டமும் இல்லை. தெரு முழுக்கப் பொய்க்குத் தயாரானது. கெசியாவும்தான். என்ன இருந்தாலும் புருஷன், அதிலும் ஊர்க் கோப்பை. ‘அவருதான் விக்கிறாரு’ என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆமோஸ் கன்னத்தில் கொஞ்சம் கரியைப் பூசிக்கொண்டு வண்டி முன்னால் நின்றான். சட்டைக் காலர் மட்டும் கஞ்சி போட்டு வெள்ளைவெளேர் என்றிருந்தது. அதைக் கழற்றத் தோன்றவில்லை, கழுதைக்கு.

“எங்க, வண்டிய ஓட்டுப்பா, பாக்கலாம்” என்றார் பிக்கர்ஸ்கில்.

ஆமோஸ் கடிவாளத்தை இழுத்தான். குதிரை அசையவில்லை. அதட்டினான். அது திரும்பி, முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தது.

“இன்னிக்கு அதுக்கு ஒடம்பு சரியில்லங்க.”

“சரி, கரி வித்துக் கூவுவியே, அத ஒருதரம் கூவு.”

ஆமோஸ் வாயைத் திறந்தான். கூட்டத்துக்குக் கையாட்டத் தெரிந்தவனுக்குக் கூவத் தெரியவில்லை. “கரி... கரிங்க...” என்று ஈனசுரத்தில் முனகினான்.

எதிர்வீட்டு லேயா சக்டன் பாய்ந்து வந்தாள். “தொண்டை கட்டிருக்குய்யா அவனுக்கு! எங்க வீட்டுக்கு அவன்தான் கொட்டுவான். பைபிள் மேல வேணா சத்தியம் பண்றேன்!”

“பைபிள் வேண்டாம்மா” என்ற பிக்கர்ஸ்கில், கெசியாவின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. “நீ சொல்லும்மா. யாரு கரி விக்கிறது?”

கெசியா வாயைத் திறந்தாள். அதற்குள் ஆமோஸ் சிரித்துக்கொண்டே குறுக்கே புகுந்தான்.

“இவளயா கேக்குறீங்க? இவ சும்மா வேடிக்கை பாக்கக் கூட வருவா. பொம்பள என்ன மூட்டையா தூக்கப் போறா? சொல்லுடி!”

அவ்வளவுதான். காலையிலிருந்து உருப்போட்ட பொய் கெசியாவின் தொண்டையிலேயே செத்துப்போனது. அவள் ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, “கரியேய்ய்ய்!” என்று ஒரு குரல் கொடுத்தாள். குதிரை தானாக நடந்து, சக்டன் வீட்டு வாசலில் போய் நின்றது. மூட்டையைத் துளையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

“நான்தாங்க விக்கிறேன். இவரு ஒரு துண்டு கரியக்கூடத் தொட்டதில்ல.”

“அடிப்பாவி, கோப்பையக் கெடுத்தியேடி!” என்று லேயா தலையில் அடித்துக்கொண்டாள்.

கோப்பை ஒன்றும் கெடவில்லை. ஆமோஸ் இடத்தில் சுரங்கத்துப் பையன் ஒருவன் ஆடினான், ஹோல்ம்ராய்ட் ஜெயித்தது. திங்கட்கிழமை கோப்பையோடு ஊர்வலம் வந்தபோது லேயாவே கெசியாவை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தினாள். ஆமோஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கிடந்தான். ஒருத்தரும் அவனைத் தேடவில்லை.

குதிரை வண்டியைக் கழகம் திருப்பிக் கேட்டது. கெசியா தவணையில் அதை வாங்கிக்கொண்டு, பலகையில் பெயரை மாற்றி எழுதவைத்தாள். மறு குளிர்காலத்தில் ஆமோஸ் அவளிடம் வந்து நின்றான். சங்கம் மனமிரங்கிவிட்டதாம், நிஜமான வேலை காட்டினால் தடையை நீக்கி மறுபடி ஆட விடுமாம்.

“உன் வண்டியில சேத்துக்கடி, கெசியா. நிசமாவே தூக்குறேன்.”

அவள் மூட்டையைக் காட்டினாள். இரண்டாவது வீடு வருவதற்குள் அவன் மூட்டையை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கெசியா அதைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டாள்.

“பரவால்ல விடு. நீ சும்மா வேடிக்கை பாக்கக் கூட வா” என்றாள்.

வந்தான். வெட்கங்கெட்டவன், சாகிறவரை வந்தான்.