சனிக்கிழமைப் பட்டம்

பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் சபையில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்தவள் ஆனந்தபாய் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆர்கன். எங்கள் கீர்த்தனைகளை எங்கள் ஆட்கள் இழுத்தும் வளைத்தும் பாடுகிற அதே மெட்டில், நூற்றுப் பன்னிரண்டு பாட்டுக்கு மேல்நாட்டு முறையில் சுரம் எழுதி வைத்திருந்தாள். அதை வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் ஊரில் கிடையாது. அவள் தப்பாக வாசித்தாலும் சரியாக வாசித்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஆராதனை முடிந்ததும் மழையைப் பற்றிப் பேசுவோமே தவிர, பாட்டைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை.

1955 தொடக்கத்தில் திருவனந்தபுரத்துச் சர்க்கார் சங்கீதக் கலாசாலை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சுர நோட்டுக்காக அவளைக் கௌரவ ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பொன்னாடை உண்டு, சம்பளம் கிடையாது. ஆனால் சனிக்கிழமைதோறும் அங்கே போய், சங்கீதம் படித்தவர்கள் முன்னால் அந்தப் பாட்டுகளை வாசித்துக் காட்டிப் பேச வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கேட்க ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடிய எங்கள் ஆட்கள்மேல் மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரத்துச் சர்க்கார் துப்பாக்கிச் சூடு நடத்தி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலூகா தமிழ்நாட்டோடு சேர்ந்தே தீரும் என்று, தேதி குறிக்காத குறையாக நம்பிக்கொண்டிருந்தோம். சபைச் செக்ரட்டரி வேதமாணிக்கம் ஆராதனை முடிந்ததும் டீச்சரின் பட்ட விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தார். எங்கள் சபையில் எதையும் கை தூக்கித்தான் தீர்மானிப்போம். கூரை மாற்றுவதும் அப்படி, ஒரு பெண்பிள்ளையின் பட்டமும் அப்படி.

“நம்ம பிள்ளைகள வெடிவச்சுக் கொன்ன சர்க்காருக்க பட்டம் நமக்கு வேண்டாம், டீச்சரே. தாலூக்கா அங்க சேந்த பொறவு மெட்ராஸுல இருந்து இதவிடப் பெரிசு வரும் ஆக்கும்,” என்றார்.

எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆர்கனருகே உட்கார்ந்திருந்த டீச்சர் எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கையையும் தூக்கினாள். மறுநாளே வேண்டாமென்று கடிதம் போட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் நவம்பரில் நாலு தாலூகா அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இங்கே கேரளத்திலேயே நின்றுவிட்டோம். மெட்ராஸிலிருந்து பெரிசும் வரவில்லை, சிறிசும் வரவில்லை. கலாசாலையில் அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் டீச்சர் சபைக் கோயிலைத் திறந்து தனியாக வாசிப்பாள். வேலியோரம் துணி காயப்போட்டபடி நான் கேட்பேன். நன்றாக இருந்தது என்று போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை.

1958-இல் வேதமாணிக்கம் தன் மகள் லீலாபாயைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அதே கலாசாலையில் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமாம். சங்கீதம் தெரிந்த ஒருவர் சிபாரிசு எழுத வேண்டுமாம்.

“இனி இதுதானே நம்ம சர்க்காரு, டீச்சரே,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

டீச்சர் பிள்ளையை ஒரு கீர்த்தனை பாடச் சொல்லிக் கேட்டாள். மனதாரப் புகழ்ந்து எழுதினாள். படிவத்தின் கடைசியில், சிபாரிசு செய்பவருக்கும் கலாசாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது.

“ஒண்ணும் இல்லன்னு எழுதட்டா?” என்று வேதமாணிக்கத்திடம் கேட்டாள்.

டீச்சர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.