இன்ஜினை உடைத்த மெக்கானிக்

ஓகுஸ்தேனைக் காரைக்கால்மேட்டு மீனவர் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் காரைக்கால்மேட்டில் யாரையும் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு தரப்பாரும் கடைசி வரை ஒத்துப்போனார்கள்.

பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போனவர். பிரெஞ்சுக் கடற்படையில் இருபது வருடத்துக்கு மேல் இன்ஜின் அறையிலேயே கிடந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் மனைவி ஜோசெஃபினோடு ஊர் திரும்பி, காரைக்கால் மாதா கோயில் பக்கம் குடியேறினார். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். அரசலாற்றில் நின்ற மீன்பிடி லாஞ்சுகளின் சத்தம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. எங்கேயாவது ஒரு இன்ஜின் பிசகாக ஓடினால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். எழுந்து போய்ச் சரி செய்து கொடுப்பார். அதோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். அவர் திரும்ப மாட்டார். இன்ஜினைக் கெடுத்த டிரைவரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்து, மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் துடைப்பார்.

அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் ஒருவன் மாரிக்கண்ணு. எழுபத்தெட்டில் எண்ணெய் பார்க்காமல் ஓட்டி ஒரு லாஞ்சின் இன்ஜினை இறுகி நின்றுபோக வைத்துவிட்டான். பிரித்துப் பார்த்த ஓகுஸ்தேன் நேராக மீன் ஏலத்துக்குப் போய், அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "இவன் கையில சைக்கிளக்கூடக் குடுக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவனை நம்பி ஒருவரும் இன்ஜின் கொடுக்கவில்லை. டிரைவராக இருந்தவன் கூலிக்கு வலை இழுத்தான். சொன்னது உண்மைதானே என்பது ஓகுஸ்தேனின் கட்சி. உண்மையை இப்படியா சொல்வது என்று ஜோசெஃபின் கேட்டாள். சொன்னதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை.

எண்பத்திரண்டில் மங்கையர்க்கரசி விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பழைய பெரிய லாஞ்சை வாங்கிக்கொண்டு வந்தாள். கணவன் போன பிறகு ஏலத்தில் ஆண்களுக்குச் சமமாக நின்று மீன் எடுத்து மேலே வந்தவள். அந்த லாஞ்சில் இருந்தது டர்போ இன்ஜின். இன்ஜின் கக்குகிற புகையை வீணாக வெளியே விடாமல், அதன் வேகத்திலேயே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்ற விடுவார்கள். அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். இழுவை பிரமாதமாக இருக்கும். ஊருக்கு அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. மாரிக்கண்ணு அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அவனையே டிரைவராகப் போட்டாள். அவன் வைத்த ஒரே நிபந்தனை, ஊர் பிரெஞ்சுக்காரர் என்று சொல்லும் ஓகுஸ்தேன் இந்த இன்ஜின் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது.

எண்பத்தைந்து தை பிறந்தது. மழைக்காலம் முழுக்க ஆற்றில் கட்டிக் கிடந்த லாஞ்சுகள் கடலுக்குத் தயாராயின. முதல் ஓட்டத்துக்கு முன்னால் இன்ஜினுக்கு வெள்ளி பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, இன்ஜின் அறை நிறையச் சாம்பிராணி போடுவார்கள். மங்கையர்க்கரசியின் இன்ஜினும் கண்ணைப் பறிக்க மின்னியது. ஆற்றுவாய் வரை ஓட்டிப் பார்த்தார்கள். கரையில் போய்க்கொண்டிருந்த ஓகுஸ்தேன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

டர்போவின் விசில் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. அதற்கு அடியில், பல்லி கத்துவது போல, டிக் டிக்கென்று வேறொரு சத்தம். பின்னால் கரும்புகை. அவருக்கு விளங்கிவிட்டது. ஆறு சிலிண்டரின் புகையையும் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய், மேனிபோல்டு என்பார்கள், எங்கோ வெடித்திருக்கிறது. போக வேண்டிய புகை வழியிலேயே கசிகிறது. அதனால் டர்போவுக்கு வேகம் இல்லை, இன்ஜினுக்குக் காற்று இல்லை. இழுக்கவில்லை என்று டிரைவர் இன்னும் டீசலைக் கொடுப்பான். சூடு ஏறும். வெடிப்பு இன்னும் வாயைத் திறக்கும். குழாய் வெடித்தால் கசிகிற இடத்தைச் சுற்றிக் கரி அப்பி, பார்த்த மாத்திரத்தில் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கரியின் மேல்தான் இவர்கள் பயபக்தியோடு வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள். வாடையைச் சாம்பிராணி பார்த்துக்கொண்டது.

இன்ஜின் மட்டும் கெடுவதாக இருந்தால், கெட்டுத் தொலையட்டும் என்று அவர் சைக்கிளை மிதித்திருப்பார். ஆனால் தைப் பனியில் ஆட்கள் எங்கே படுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இன்ஜின் அறையை ஒட்டிய பலகையில், கதகதப்புக்காக, மேல்மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். மாரிக்கண்ணுவோடு சேர்த்து ஐந்து பேர். பிரான்சின் துலோன் துறைமுகத்தில், இதே போலப் புகை கசிந்த ஒரு இழுவைக் கப்பலில் அப்படிப் படுத்தவனை அவர் காலையில் எழுப்பப் போயிருக்கிறார். கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவனாகத்தான் தெரிந்தான். தொட்டபோது சில்லென்றிருந்தான்.

மங்கையர்க்கரசியிடம் போய், இந்தப் புகையில் படுக்கிறவன் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்றார். ஒரு ஊதுபத்தியும் ஐந்து நிமிஷமும் கொடுத்தால் போதும், ஓடுகிற இன்ஜினில் குழாயோரமாகப் பத்தியைக் கொண்டுபோனால் கசிகிற இடத்தில் அதன் புகை சிதறி ஓடும், கண்ணாலேயே காட்டுகிறேன் என்றார். அவள் விவரமானவள், முழுக்கக் கேட்டுக்கொண்டாள். மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டு விசாரித்தாள். போன சீசன் கடைசியில் லேசாகப் புகை கசிந்தது உண்மைதான் என்று அவனும் ஒப்புக்கொண்டான். கல்நார்க் கயிற்றைச் சுற்றி, மேலே சிமென்டைக் குழைத்து அப்பி, கம்பி போட்டு இறுக்கிவிட்டானாம். காலையில் எழுந்தால் எல்லாருக்கும் மண்டையிடி இருந்ததும் உண்மைதானாம். பனி என்று தைலம் தடவிக்கொண்டார்களாம்.

சின்ன இன்ஜின்களில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. அங்கே புகைக்கு வழி திறந்து கிடக்கிறது, கயிறு தாங்கும். இங்கே டர்போ வழியில் நிற்பதால் புகை முட்டிக்கொண்டு நிற்கும். கயிறும் சிமென்டும் எந்த மூலைக்கு? இதைப் பக்குவமாகச் சொல்லியிருந்தால் மாரிக்கண்ணுவுக்கே விளங்கியிருக்கும். பக்குவத்துக்கு ஓகுஸ்தேன் எங்கே போவார்? இது மடையன் செய்கிற வேலை என்றார், அவன் முகத்துக்கு நேராக.

மாரிக்கண்ணு அவரைப் பார்க்கவே இல்லை. மங்கையர்க்கரசியிடம் சொன்னான். "அக்கா, ரெண்டு வருஷம் எம் பொழப்புல மண்ணப் போட்டவரு இவரு. இவரு இன்ஜினுக்குள்ள எறங்குனா, நான் லாஞ்ச விட்டு எறங்கிடுறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

சீசன் வாசலில் நின்றது. டர்போ ஓட்டிப் பழகிய வேறு டிரைவர் ஊரில் இல்லை. பகையை வைத்துக்கொண்டு கதை கட்டுகிறார் என்று நினைப்பதுதான் அவளுக்கும் வசதியாக இருந்தது. "நீங்க கெளம்புங்க மெக்கானிக்கய்யா" என்றாள்.

மறுநாள் காலை லாஞ்சு புறப்படுவதாக இருந்தது, நாலு நாள் கடலுக்கு. கிளம்புவதற்கு முன்னால் ஆட்கள் கோயிலில் சூடம் ஏற்றப் போயிருந்தார்கள். ஓகுஸ்தேன் ஒரு சம்மட்டியோடு லாஞ்சில் ஏறி இன்ஜின் அறைக்குள் இறங்கினார். கம்பியை வெட்டி, சிமென்டைத் தட்டி, கயிற்றைப் பிரித்தார். டர்போவோடு சேரும் கழுத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு, கரிபிடித்த வெடிப்பு. வெளியே வந்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் நாலு சுற்றுக் கயிறு போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். மாரிக்கண்ணு அந்தப் பலகையில்தான் படுப்பான். செத்தாலும் சாவான், இவர் சொன்னதைக் கேட்க மாட்டான். அவனை நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடிப்பைப் பார்த்துச் சம்மட்டியை ஓங்கினார். மூன்றாவது அடியில் கழுத்து துண்டாக விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் அவரை மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டு அடித்தார்கள். எல்லாரையும்விட மாரிக்கண்ணுவின் அடிதான் பலமாக விழுந்தது. முன்பல் இரண்டு போயிற்று. அவர் கையை ஓங்கவில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிச்சிக்க. ஆனா இன்னைக்கி இது கடலுக்குப் போவாது" என்றார். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

பஞ்சாயத்து கூடியது. உடைந்த துண்டை ஓகுஸ்தேன் அவர்கள் முன்னால் வைத்தார். அதன் உடைந்த ஓரத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பளபளத்தது. கறுத்த பாதி பழைய வெடிப்பு, பளபளக்கிற பாதிதான் நான் உடைத்தது என்றார். "பொக போற கொழா கறுப்பா இல்லாம, வெள்ளையாவா இருக்கும்?" என்று மாரிக்கண்ணு கேட்டான். கூட்டம் சிரித்தது. வெடிப்பிலேயே அடித்துத் தன் ஒரே சாட்சியைத் தானே துண்டாக்கிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. புது மேனிபோல்டு அவர் தருவிக்க வேண்டும், இனிமேல் எந்த லாஞ்சிலும் கால் வைக்கக் கூடாது, அவரைக் கூப்பிடுகிறவனுக்கும் ஊரில் இடமில்லை என்று முடிவாயிற்று.

மெட்ராசிலிருந்து மேனிபோல்டு வந்தது. வேறொரு மெக்கானிக் பூட்டினான். கசிவு நின்றது. டர்போ விசில் ஏறியது, கரும்புகை போயிற்று, லாஞ்சு முன்னைவிட நன்றாக இழுத்தது. காலையில் யாருக்கும் மண்டையிடி இல்லை. மாரிக்கண்ணு இதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். பிரெஞ்சுக்காரரின் கண் படாமல் போனதும் இன்ஜினைப் பிடித்த பீடை விலகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். ஊரும் நம்பியது.

அதன் பிறகு ஓகுஸ்தேன் இன்ஜினைத் தொடவில்லை. கூப்பிட ஆள் இல்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாதா கோயிலில் ஜோசெஃபினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்கூட நகர்ந்து உட்கார்ந்தார்கள். மாரிக்கண்ணுவை அவர் மன்னிக்கவில்லை. அவன் பேரைக் கேட்டாலே ஓட்டைப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டு திட்டுவார். அவனும் சளைத்தவன் இல்லை. எண்பத்தொன்பதில் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தான், அடுத்த வருடமே தாத்தாவாகவும் ஆனான். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு இந்தத் தெரு வழியாக வந்து, ஓகுஸ்தேன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, அவர் பார்க்கிற மாதிரி காறித் துப்பிவிட்டுப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோசெஃபின் வாளித் தண்ணீரோடு வாசலுக்குப் போனவள், பாதியில் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னும் எத்தன வருஷத்துக்குங்க இத நான் கழுவுறது?"

ஓகுஸ்தேன் ஜன்னல் வழியாக, தெருமுனையில் மறைகிற சைக்கிளையே வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பட்டும் நாயி" என்றார். "துப்புறதுக்கும் மூச்சு வேணுமுல்ல."