கணினியைத் துப்பரவாக்கிய சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் கணினி கண் விழிக்கிற நேரத்துக்குள் மனைவி அரிசி களைந்து, உலையில் போட்டு, கொடியில் காயும் உடுப்புகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவள் அதற்குப் பழகியவள். எனக்குத்தான் பொறுக்காது. திரையில் அந்தச் சின்ன வளையம் சுற்றிச் சுற்றி வரும்போது என் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடத் தொடங்கிவிடும். நான் எழுத உட்காருவதே எப்போதாவதுதான். வந்த வரி அந்த வளையத்துக்குள் சுற்றிக் கரைந்து போனது எத்தனையோ தடவை.

பிழை கணினியில் மட்டும் இல்லை. மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. பகலில் உப்பு வருகிறது, பின்னேரம் ஈரம் வருகிறது. கதவுப் பிணைச்சல், சைக்கிள் கம்பி, கத்தரிக்கோல், எல்லாவற்றிலும் செம்மண் நிறத்தில் ஒரு பூ பூத்துவிடும். கணினி மட்டும் எப்படித் தப்பும்?

அந்தத் தவணையில் மனைவிக்கு ஒரு பொறுப்பு வந்திருந்தது. அவள் ஐந்தாம் ஆண்டு ஆசிரியை. சுற்றுவட்டாரத்தில் உள்ள நான்கு பாடசாலைகளுக்கும் சேர்த்து ஐந்தாம் ஆண்டுத் தவணைப் பரீட்சை வினாத்தாளை வழமையாக ஒரு மூத்த ஆசிரியர்தான் தயாரிப்பார். அவர் ஓய்வுபெற்றுப் போக, யார் செய்வது என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். இவள் கை உயர்த்தியிருக்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “டீச்சருக்கு ஏலுமெண்டா குடுங்க” என்றாராம். அந்த ஒரு வசனத்தைத்தான் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தத்தில் மிச்சம் கேட்டது.

இரண்டு கிழமையாக அவளே கேள்வி எழுதி, அவளே தட்டச்சுச் செய்தாள். தட்டச்சுச் செய்து முடித்த பக்கத்தின் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் வைத்து எரித்தாள். வினாத்தாள் என்றால் வீட்டில் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சக் கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. திங்கட்கிழமை காலை பரீட்சை. ஞாயிறு காலை அதிபர் பாடசாலையைத் திறந்து வைப்பார், அவர் முன்னால் பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பது என்று வைத்திருந்தாள்.

அந்தச் சனி காலையில் அவளுக்குப் பெற்றார் கூட்டம். எனக்கு லீவு. கணினியைப் பார்த்துக்கொண்டே நான் தேத்தண்ணீர் குடித்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“இஞ்சேருங்க, அதக் கழட்டத்தான் போறீங்க எண்டு தெரியும். வினாத்தாள் கிடக்கிற இடத்த மட்டும் தொட வேணாம்.”

நான் தொடவில்லை. அதைப் பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

பெட்டியை முற்றத்து நிழலுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். ஆணிகள் துருவில் ஒட்டிப்போய், தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் அசைந்தன. உள்ளே தூசு கம்பளி போலத் தடித்துக் கிடந்தது. விசிறியின் மூலையில் பல்லி முட்டையிட்டுப் பொரித்துப் போன வெள்ளை ஓடுகள் இரண்டு. சிற்றெறும்புகள் ஒரு வயரின் மேலாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன, அவைகளுக்கும் அங்கே ஏதோ அலுவல் இருந்தது. சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். பெயின்ற் தூரிகையால் இண்டு இடுக்கெல்லாம் தட்டினேன். நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்நிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு இறங்கி மஞ்சள் ஏறியது. வெயில் வேலிக்கு மேல் வந்திருந்தது. மனதுக்குள் ஒரு சந்தோசம், பழைய காயத்தின் பொருக்கை வலிக்காமல் உரித்தெடுத்த மாதிரி.

திரும்பப் பூட்டிப் போட்டேன். விழித்தது. முன்னையதில் பாதி நேரம்தான். அத்தோடு எழும்பியிருக்க வேண்டும். எனக்கு எழும்பத் தெரியாது.

போட்டவுடன் தானாக ஓடத் தொடங்கும் பாவிக்காத மென்பொருட்களை நிறுத்தினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். யாரோ ஒருவரின் கலியாண வீடியோ மூன்று இடத்தில் கிடந்தது, இரண்டை அழித்தேன். பிறகு ஃபோனில் வீடியோ ஒன்றைப் போட்டு, அதில் ஒரு தம்பி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எழுத்துருக்கள் கூடினாலும் கணினி மந்தமாகும் என்றான். திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கிடந்தன. மனைவி ஆசிரியையாகும் முன்னர் மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள், அந்தக் காலத்தில் சேர்ந்தவை. எனக்குத் தெரிந்த நாலைந்தை விட்டுவிட்டு, பெயர் தெரியாத எல்லாவற்றையும் தெரிவுசெய்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஓம் என்றேன்.

பிறகு போட்டுப் பார்த்தபோது, நான் கதிரையை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்து நின்றது.

அவள் ஒரு மணிக்கு வந்தாள். வேகத்தைக் காட்டினேன். உண்மையாகவே மெச்சினாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வினாத்தாளைத் திறந்தாள்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, அர்த்தமில்லாத ஒரு கூட்டம். ஊர்ச் சந்தியில் பாசை தெரியாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி. அவள் மூடித் திரும்பத் திறந்தாள். அதே கூட்டம்.

“இதென்ன?”

“வைரஸா இரிக்கும்” என்றேன்.

எழுத்துருக்களை அழித்ததை நான் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தை அமத்திக்கொண்டு, சந்தியில் இருக்கும் கொமினிக்கேஷன் கடைக்குக் கொண்டுபோனால் பொடியனுகள் திருத்தித் தருவார்கள் என்று யோசனை வேறு சொன்னேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. போட்டோகொப்பி எடுக்க அங்கே நிற்கிறவர்களில் பாதிப்பேர் அவள் வகுப்புப் பிள்ளைகளின் அண்ணன்மாரும் மாமன்மாரும். அந்தத் திரையில் வினாத்தாளைத் திறப்பதும் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் ஒன்றுதான்.

கையெழுத்துப் பிரதி சாம்பல். ஐந்து பக்கத்தையும் திரும்ப எழுத ஒரு பின்னேரம் காணாது. அவள் ஃபோனைக் கையில் எடுத்து அதிபரின் இலக்கத்தைத் திரையில் கொண்டுவந்து, அழுத்தாமல் வைத்திருந்தாள். வினாத்தாள் இல்லை என்று அவள் சொன்னால் திங்கட்கிழமை நான்கு பாடசாலைகளிலும் பிள்ளைகள் வெறுமனே திரும்பிப் போகும். அதற்குப் பிறகு பின்வரிசைக்காரர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் சும்மா இருந்தாலே போதும்.

ஃபோனை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தாள், எனக்கு அது தெரியாது. செருகினாள். திறந்தாள். அதிலும் அதே ஆங்கிலக் கூட்டம்.

நான் இன்னும் பயந்தேன். அவள் பயப்படவில்லை. பென் டிரைவைத் தொட்டுக் காட்டினாள்.

“இது விடிஞ்சதிலிருந்து என்ட பேக்குக்குள்ள கிடந்தது. இத எந்த வைரஸ் தொட்ட?”

அவள் திரையைப் பார்த்தபடி, விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் மேசையில் விரல்களை வைத்தாள். முதல் வரியின் முதல் சொல்லைப் பார்த்தாள். விரல் அசைந்தது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

“அம்மா” என்றாள்.

பிறகு அடுத்த சொல். விரல் மேசையில் ஓடியது, வாய் பின்னால் போனது. அம்மா சந்தைக்குப் போய் மூன்று கிலோ கத்தரிக்காய் வாங்கினார். எத்தனை வருசம் அந்த விசைகளில் அடித்த விரல்கள். எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது அவள் தலையில் இல்லை, கையில் இருந்தது. பழைய எழுத்துருக்கள் எல்லாம் அப்படித்தான் என்று பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். கணினிக்குள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அதன் மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. நான் எழுதுவது இந்தக் காலத்து யூனிகோட் பொதுமுறையில், அதனால் என் எழுத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் பழகிய கையை மாற்றாதவள்.

இரண்டாம் கேள்வியையும் அப்படியே வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எல்லாம் இரிக்கி. ஒண்டும் அழியல்ல. உடுப்புத்தான் இல்ல.” என் பக்கம் திரும்பினாள். “எழுத்துருவையும் துப்பரவாக்கின நீங்களா?”

“ஓம்.”

“எதையெல்லாம்?”

“பேர் தெரியாததையெல்லாம்.”

“மறுகா ஏன் வைரஸ் எண்ட?”

“பயத்தில சொன்ன.”

அதற்கு அவள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் ஃபோனை எடுத்துக் குருக்கள்மடத்தில் இருக்கும் அக்காவை அழைத்தாள். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தட்டச்சுச் செய்தவர், அவளை விட மூத்தவர். எந்த எழுத்துருக்கள் வேண்டும் என்று பெயர் சொன்னாள். அக்காவின் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

“எல்லாத்தையும் ஆர் புள்ள அரிச்ச? எலியா?”

“ஓம் அக்கா. ரெண்டு கால் எலி.”

“பக்கத்தில நிக்குதா?”

“நிக்கிது.”

“அதுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து வெளியால இருத்து. நான் அனுப்புறன்.”

வெளியில் போகவில்லை, ஆனால் தேத்தண்ணீரை நானே போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் எழுத்துருக்கள் அவள் ஃபோனுக்கு வந்துவிட்டன. கம்பி வழியாகக் கணினிக்கு ஏற்றினாள். கோப்பைத் திறந்தாள். அம்மா சந்தைக்குப் போனார். கத்தரிக்காய் வாங்கினார். ஐந்து பக்கமும் தமிழ். வற்றுக்காலத்து வாவியில் தண்ணீர் ஏறிச் சேற்றை மூடுவது போல் எழுத்துகள் வந்து நின்றன. அவள் பக்கங்களை உருட்டிக்கொண்டே போனாள்.

முழுதாகச் சரிவரவில்லை. அக்கா அனுப்பியதில் ஒன்று சற்றுப் பெருத்த எழுத்து. கேள்விகள் கீழே வழுகி, படமும் அதற்குரிய கேள்வியும் வெவ்வேறு பக்கத்தில் நின்றன. ஐந்து பக்கம் ஆறாகிவிட்டது. ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினாள். என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள், விடையையும் சொல்லச் சொன்னாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பும் கணக்கில் நான் பிழைவிட்டேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

முடித்த கையோடு கணினியில் எனக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்தாள். அதற்குள் போனால் எழுதலாம், படம் பார்க்கலாம், எதையும் நீக்க முடியாது. அவளுடைய பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டாள். அதை நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இதையும் அந்த என் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிறு பிரதி எடுத்து ஒட்டினார்கள். திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. நான் அலுவலகத்தில் இருந்துகொண்டு, எந்த நேரமும் ஃபோன் அடிக்கும் என்று காத்திருந்தேன். ஏதாவது ஒரு பாடசாலையில் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத்து மாறி வந்திருக்கும், ஒரு பிள்ளை கை உயர்த்தியிருக்கும் என்று. அடிக்கவில்லை.

பின்னேரம் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், பதினாலாம் கேள்வியில் ஒரு பிழை இருந்ததாம். பக்கத்துப் பாடசாலை ஆசிரியை அழைத்துச் சொல்லியிருக்கிறார். நாலு விடையில் இரண்டு சரியாக வருகிறதாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் புள்ளியைக் கொடுத்துவிடத் தீர்மானித்தார்களாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எழுத்துரு மாறினதாலா என்று நான் கேட்டு முடிக்கவில்லை.

“இல்ல. அது நான் கேள்வி எழுதக்குள்ளயே விட்ட பிழை. நீங்களும் வாசிச்ச, நானும் வாசிச்ச, ரெண்டு பேருக்கும் தெரியல்ல.”

பின்வரிசைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வேலையை ஒப்புக்கொள்கிறவள் மாதிரித் தலையை ஆட்டினாள். அடுத்த தவணைக்கும் அவளே தயாரிக்கட்டும் என்று அவர்தான் சொன்னாராம்.

கை கால் கழுவிவிட்டு வந்து கணினியைப் போட்டாள். உலை வைக்க நேரம் கிடைக்கவில்லை, திரை வந்துவிட்டது. பதினாலாம் கேள்வியைத் திறந்து, மூன்றாவது விடையை மாற்றினாள்.