நாலு பக்கமும் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி

லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய் நைனா முகமது வீடு எது என்று கேட்டால், "எந்த நைனா முகமது?" என்பார்கள். குவைத்தில் இருந்தவர் என்று விளக்கினாலும் பயனில்லை. அந்த ஊரில் கடல் தாண்டாத நைனா முகமதைத் தேடுவதுதான் கடினம். "சாகிரா வீட்டுக்காரர்" என்றால் உடனே கை காட்டுவார்கள்.

அந்தக் கை காட்டலில் ஒரு மனிதனின் சோகம் முழுவதும் அடங்கியிருந்தது. பாலைவனத்து எண்ணெய்க் கம்பெனியில் லாரி ஓட்டி, வெயிலில் வெந்து, பணம் அனுப்பி அனுப்பிக் கட்டிய வீடு அது. மாடிப்படிக்குக் கிரானைட் போடச் சொன்னவர் அவர். ஆனால் போன நோன்புக்கு முன்பு ஒரேயடியாக ஊர் திரும்பியதிலிருந்து, அதே வீட்டு வாசலில் நின்று காலிங் பெல் அடிப்பவரும் அவரேதான். சாவி சாகிராவின் பர்ஸில் இருந்தது. அவருக்குத் தரக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. தர வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டில் எது கொடுமை என்று நெஞ்சுள்ளவர்கள் சொல்லட்டும்!

வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. மோட்டார் போட்டார், தொட்டி நிரம்பித் தெருவில் ஆறு ஓடியது. மீன் வாங்கி வந்தார். சாகிரா அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்தாள். "நீங்க சும்மா உக்காருங்க" என்று நாள் முழுக்க அன்பொழுகச் சொன்னாள். குவைத்தில் எந்தச் சுகத்துக்கு ஏங்கினாரோ, அதுவே இங்கே ஆயுள் தண்டனையாக வந்து வாய்த்தது.

இந்த நிலையில்தான் திருச்சியில் நிலவியல் படிக்கும் மகள் ஷஹானா, குடும்பத்தோடு காரைக்குப் போய்வரலாம் என்றாள். பெரம்பலூருக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் கடலாக இருந்த செம்மண் பூமி. நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும் இடம்.

"அங்க கடை கெடையாது, நெழல் கெடையாது, டவரும் சரியா இருக்காது. சின்னதா ஒரு முதலுதவிப் பெட்டி மட்டும் எடுத்துக்கணும்" என்றாள்.

"அது என் பொறுப்பு!" என்றார் நைனா முகமது. சாகிரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; மகள் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாள். ஆக, தாயகம் திரும்பியவருக்கு முதன்முதலாக ஒரு துறை ஒதுக்கப்பட்டது. இதிலும் தோற்றால் காலமெல்லாம் விருந்தாளிதான் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொடி, கோடாலித் தைலம் எல்லாம் அணிவகுத்தன.

"கத்தரி வச்சீங்களா அத்தா?"

"மொதல்ல வச்சதே அதுதாம்மா. பாம்பு கடிச்சா அறுக்கறதுக்குப் பிளேடுகூட இருக்கு."

"ஐயோ, அறுக்கவும் கூடாது, கட்டவும் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். அத எடுங்க மொதல்ல!"

பிளேடு வெளியே வந்தது. அந்த இடம் காலியானது. வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டியவனால் காலி இடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்பதல்லவா அங்கே சட்டம்! இடுக்குகளில் சோப்புக் கட்டிகளைச் செருகினார். மேலே பேரீச்சம்பழம். அதற்கும் மேலே பால்பவுடர். பிறகு பிரவுன் டேப்பை எடுத்தார். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை சுற்றினார். அதன்மேல் நீல நைலான் கயிறு. நாலு பக்கமும் மார்க்கரால் பெயர், ஊர், பின்கோடு, போன் நம்பர். கடைசியில் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்தபோது, பழைய கம்பீரம் முகத்தில் திரும்பியிருந்தது.

காரோடு வந்த சாகிராவின் தம்பி முகமது ஆசிக் பெட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"மச்சான், காரைக்குத்தானே போறோம்? இல்ல, திருச்சி ஏர்போர்ட்ல எறங்கிக்கிறீங்களா?"

"சிரிங்க மாப்ள, சிரிங்க. ஆபத்துன்னு வந்தா இந்தப் பெட்டி முன்னாடிதான் கைகட்டி நிப்பீங்க."

காரையில் வண்டியைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மழை அரித்த செம்மண் மேடுகள் கண்ணுக்கெட்டிய வரை நெளிந்தன. ஷஹானா கல்லான சிப்பிகளைக் காட்டி, "பாக்கலாம், எடுத்துட்டுப் போவக்கூடாது" என்று மாமனை மிரட்டிக்கொண்டிருந்தாள். நைனா முகமது சிப்பியைப் பார்க்கவில்லை. தோளில் பெட்டியோடு, நடப்பவர்களின் பாதங்களையே பாசத்தோடு பார்த்து வந்தார். ஆசிக் தும்மினான், இவர் பெட்டியை இறக்கப் பாதி குனிந்துவிட்டார். சாகிரா தண்ணீர் கேட்டாள், "மயக்கமா?" என்றார் ஆவலாக. அல்லாஹ்வின் கருணையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஒரு சரிவில் ஷஹானா சறுக்கி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. ஒரு துளி ரத்தம்!

"எல்லாரும் வெலகுங்க!"

பெட்டியை இறக்கி முன்னால் உட்கார்ந்தார். கை கத்தரியைத் தேடியது. கத்தரி பெட்டிக்குள் இருந்தது. அதுவும் அடியில்.

வானம் இடிந்து தலையில் விழுந்ததுபோல் இருந்தது. முடிச்சை இழுத்தார், இறுகியது. பல்லால் கடித்தார், பல்தான் ஆடியது. "பழம் வெட்டுற கத்தி கார்ல இருக்கு மச்சான், ஓடிப்போய் எடுத்தாரவா?" என்றான் ஆசிக், உண்மையாகவே கைகட்டி நின்றபடி. மானம் உள்ளவர் அதற்குச் சம்மதிப்பாரா? கூரான கல் ஒன்றை எடுத்து டேப்பின்மேல் அழுத்தினார். கல் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது.

இதற்குள் ஷஹானா பாட்டில் தண்ணீரால் முழங்காலைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல அத்தா... ஐயோ, உங்க கை!"

சாகிரா வந்தாள். அவர் கையைத் தன் துப்பட்டாவால் அழுத்தி மகளிடம் பிடிக்கக் கொடுத்தாள். பெட்டியின் ஒரு மூலையை முட்டியால் உள்ளே நசுக்கினாள். இறுகியிருந்த கயிறு தளர்ந்து, வளையல்போல் கழன்று வந்தது. பர்ஸிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். மூடி சேரும் இடத்தில் குத்தி, ஒரே கோடாக இழுத்தாள். பெட்டி திறந்துகொண்டது.

நைனா முகமது வாய் பிளந்து பார்த்தார். "எங்க கத்துக்கிட்டே?"

"நல்லாருக்கே! நீங்க கட்டி அனுப்புன பொட்டியெல்லாம் தானாவா பிரிஞ்சுச்சு? ஒரு தடவ இதே மாதிரி வெரல அறுத்துக்கிட்டு தையல் போட்டேன்."

"சொல்லவே இல்லியே?"

"சொன்னா அங்க உக்காந்து அழுவீங்க. லாரி யாரு ஓட்டுறது?"

அவர் தலை குனிந்தார். எத்தனை பெட்டி கட்டியிருப்பார்! ஒன்றைக்கூடப் பிரிக்கும்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காத பாவி அவர். சாகிரா சோப்புகளைத் தூர எடுத்து வைத்து, காயத்தைக் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டினாள். அவர் கண்ணில் வந்த நீர் காயத்துக்கா, வேறு எதற்கா என்று யாரும் கேட்கவில்லை. ஆசிக் பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டே, "மருந்து நல்லா இனிக்குது மச்சான்" என்றான்.

மாலையில் வீடு வந்ததும், பழக்கப்படி கட்டுப்போட்ட கையைக் காலிங் பெல்லை நோக்கி உயர்த்தினார். பின்னால் நின்ற சாகிரா அவர் சட்டைப் பையில் எதையோ போட்டாள்.

"டேப்புக் கோந்து ஒட்டி பர்ஸெல்லாம் பிசுபிசுங்குது. இந்தச் சாவிய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேற ஒண்ணு அலமாரில கெடக்கு."

அவர் இடது கையால் திறந்தார். திறக்க வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை சாகிரா பார்த்தபோது, அந்தச் சாவி ஆணியில் தொங்கியது. அதன் தலையில் பிரவுன் டேப் சுற்றி, பெயர், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் எழுதியிருந்தது.

"ஏங்க, இது தொலைஞ்சா திருடன் வழிகூடக் கேக்க வேணாமே!" என்று கத்தியபடி, அதைப் பிரிக்க உட்கார்ந்தாள்.