சூசை மாமாவுக்காக விட்டுவைத்த இடம்

சூசை மாமா இறந்த செய்தி வந்தபோது நானும் அம்மாவும் கிறிஸ்துமஸ் பாடல் தாள்களைக் குரல் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். மாமாவின் மனைவி லூர்து அத்தைதான் தொலைபேசியில் அழைத்தார். "சொல்லுங்க அண்ணி" என்ற அம்மா, கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த தாள்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். நாக்பூருக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்கில் தான் ஓட்டிவந்த லாரியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கின் மேல் தலை சாய்த்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கூடச் சென்ற சங்ககிரி வண்டியின் ஓட்டுநர், டீ குடிக்கக் கூப்பிடப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

நம் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பேஸ் பாடியவர் அவர் ஒருவர்தான். எல்லாருக்கும் கீழே தாழ்வாக ஒலிக்கும் குரல் அது. திருப்பலியில் அதைத் தனியாகக் கேட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வண்டியில் போயிருக்கும் ஞாயிறுகளில் நம் பாட்டுக்குத் தரை இல்லாததுபோல் இருப்பதை எல்லாரும் உணர்ந்திருப்பீர்கள். "என் குரல் தனியா நிக்காதுங்க. மூணு பேருக்குக் கீழ நின்னாத்தான் அதுக்கு மரியாதை" என்று அவரே சொல்வார்.

இந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு அம்மா நான்கு குரல்களுக்கு ஓர் அல்லேலூயாவை அமைத்திருந்தார். அதன் நடுவில் ஓர் இடத்தில் மற்ற மூன்று குரல்களும் சட்டென்று நின்றுவிடும். பேஸ் மட்டும் படி இறங்குவதுபோல் மெதுவாகக் கீழே போகும். அது அடியைத் தொட்டதும் நால்வரும் ஒன்றாக எழ வேண்டும். அந்தத் தவக்காலம் முழுவதும் மாமாவுக்கு வடக்கே லோடு இருந்தது. பயிற்சிக்கு வர வழியே இல்லை. அம்மா தயங்கி, "வேற பாட்டு வெச்சுக்கலாங்களா அண்ணா?" என்று கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்னைய ரிட்டயர் பண்றீங்களா? நீங்க மூணு பேரும் பாடி அனுப்புங்க. வண்டியில போட்டுட்டு நான் என்னுதப் பாடிப் பழகிக்கறேன். ஈஸ்டருக்குக் காலையில வந்து நிக்கறேன்."

கைப்பேசியில் பதிந்து அனுப்பினோம். குரல்கள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன, தன் இடம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்றார் மாமா. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். சேலத்தில் மெல்லிசைக் குழு நடத்தி நிறுத்திவிட்ட நண்பரிடமிருந்து வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ், கூடவே ஒரு மைக். மைக்கில் பாடுவதை மடிக்கணினிக்குத் தெளிவாகக் கொண்டுசேர்க்கும் சிறிய சிவப்புப் பெட்டி அது. அவரே அதை என் மடிக்கணினியில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "அவ்வளவுதான் அம்மணி, இனி உன் பாடு" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே வண்டி எடுத்தார்.

ஆனால் மடிக்கணினியின் கண்ணில் அந்தப் பெட்டி படவே இல்லை.

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். பெட்டிக்குரிய டிரைவர் மென்பொருளை இறக்கி நிறுவினேன், நீக்கினேன், மறுபடியும் நிறுவினேன். செருகும் துளையை மாற்றினேன். மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் அமைப்புகளையெல்லாம் திறந்துவிட்டேன். ஒருநாள் அம்மா பாடப் பாடத் திரையில் அலைகள் எழுந்தன. நான் குதித்தே விட்டேன். போட்டுக் கேட்டால் மின்விசிறி இரைச்சலும் குக்கர் விசிலும், அவற்றுக்குப் பின்னால் எங்கோ அம்மாவும். பெட்டியை விட்டுவிட்டு, மடிக்கணினி தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருந்தது.

மாமா வழியில் நிறுத்தும்போதெல்லாம் அழைத்து விசாரிப்பார்.

"என்ன சொல்லுது அம்மணி?"

"டிரைவர் இல்லைன்னு சொல்லுதுங்க மாமா."

"டிரைவர் இங்க வண்டியில இருக்கறான். அங்க எப்படி இருப்பான்? வெளக்கு எரியுதா?"

"எரியுதுங்க."

"அப்ப உசுரு இருக்குது. உட்றாத."

உயிர்ப்பு ஞாயிறு நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மா சத்தம் காட்டாமல் பழைய பாட்டுத் தாளை எடுத்து மேலே வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அந்தச் சமயத்தில்தான் லூர்து அத்தை குருத்தோலை ஞாயிறு வேலை விஷயமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையைப் பார்த்தவர், "இது எங்க வண்டி ஒயராச்சே! போன் சார்ஜ் போடறது. இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார்.

அங்கேயே மாமாவுக்கு வீடியோ அழைப்பு போட்டார். மறுமுனையில் மாமா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். பெட்டியோடு வந்த கறுப்பு ஒயர், வண்டியின் சார்ஜரில் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தடிமனா, நல்லா இருந்துச்சு. வண்டி ஆட்டத்துக்குத் தாங்கும்னு மாத்தி எடுத்துக்கிட்டேன். ஒயருன்னா எல்லாம் ஒயருதானே?"

"ஏனுங்க, புள்ள பரிச்சைக்குக்கூடப் படிக்காம இதுக்குப் படிச்சுக்கிட்டு இருக்குது, நீங்க ஒயரோட நாக்பூருக்குப் போயிட்டீங்களா?" என்றார் அத்தை. மாமா சிரித்த சிரிப்பில் படமே குலுங்கியது.

சில ஒயர்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்துவதில்லை. விளக்கு எரிந்ததற்கும் மடிக்கணினிக்கு எதுவும் கேட்காததற்கும் அதுதான் காரணம். பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருக்கும் கைப்பேசிக் கடையில் சரியான ஒயர் ஒன்றை வாங்கி வந்து செருகியதும், திரையில் பெட்டியின் பெயர் தானாக வந்து நின்றது. "அது வண்டியிலயே இருக்கட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு ஒரு புதுப் பேச்சு கிடைத்தது. தலையாட்டிவிட்டுத் தப்பாகப் பாடும் யாரைப் பார்த்தாலும், "வெளக்கு எரியுது, சரி. உள்ள போச்சுங்களா?" என்பார். நம்மில் பலர் அந்தக் கேள்வியை வாங்கியிருக்கிறோம்.

இன்னும் ஒரு தொல்லை இருந்தது. காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் பாடுபவரின் குரல் ஒரு கணம் தாமதமாக வந்தது. "நான் பாடுனதுக்கு அப்புறம் எவளோ பின்னாலயே பாடறா" என்று அம்மா அதைக் கழற்றிவிட்டார். பதிவு மென்பொருள் பொதுவான டிரைவரைப் பயன்படுத்துவதால் வரும் தாமதம் அது என்று கையேட்டில் இருந்தது. பெட்டிக்குரிய டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் குரல் உடனுக்குடன் வந்தது. மேலிருந்து கீழாக, அம்மா சோப்ரானோ பாடினார், நான் ஆல்டோ, குழுவில் எங்களோடு பாடும் டேனியல் சார் டெனர். ஒவ்வொன்றையும் தனி டிராக்கில், தனி வரிசையாகப் பதிந்தேன். நான்காவதாக ஒரு வரிசையைத் திறந்து 'சூசை மாமா' என்று பெயரிட்டேன்.

மூன்று குரல்களின் பதிவை அவருக்கு அனுப்பிவிட்டு, ஊருக்கு வரும்போது அவருடையதையும் பதிந்துவிடலாம் என்றேன்.

"என்னுது எதுக்கு அம்மணி? அதுக்குத்தான் நானே வந்துருவேனே."

வந்தார். உயிர்ப்பு ஞாயிறு காலையில் லாரியைப் புறவழிச்சாலையில் நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல், முதல் பாட்டு தொடங்குமுன் பின்வரிசையில் வந்து நின்றார். அந்தப் பாட்டை எங்களோடு ஒருமுறைகூட நின்று பாடிப் பார்த்ததில்லை. அல்லேலூயாவில் நாங்கள் மூவரும் நின்ற இடத்தில் அவர் குரல் மட்டும் கோயிலுக்குள் இறங்கியது. அம்மாவின் கை காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவர் அடியைத் தொட்டார், எல்லாரும் எழுந்தோம். கீழே உட்கார்ந்திருந்த லூர்து அத்தை முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார்.

"சாமி, மாமா பாடுனது உன் பொட்டியில இருக்குதா? பேச்சு போன்ல கெடக்குது. 'சாப்டியா', 'லோடு எறக்கியாச்சு', எல்லாம் இருக்குது. பாட்டுத்தான் ஒன்னும் இல்ல."

எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். சோதனைக்குப் பதிந்தவற்றையும் விடவில்லை. எதிலும் அவர் இல்லை. அவருக்காகவே பதிந்தவை என்பதால்தான் அவர் அவற்றில் இல்லை. அதைச் சொன்னபோது அத்தை தலையாட்டினார். "இருக்கறதப் போடு" என்றார்.

அல்லேலூயாவைப் போட்டேன். மூன்று குரல்கள் வந்தன. நடுவில் அவை நின்றன. அறையில் சத்தமில்லை. ஆனால் அத்தையின் விரல் மட்டும் மேசை மேல் தட்டிக்கொண்டே போனது, சற்றும் பிசகாமல். குரல்கள் மீண்டும் எழுந்த அதே கணத்தில் நின்றது.

"எனக்குத் தெரியும் சாமி. அவரு வண்டியில பாடிப் பழகறப்ப போனைக் காதுல வெச்சுக்கிட்டு இதத்தான் தெனமும் கேட்டேன். இந்த எடத்துல அவரு பாடுவாரு" என்றார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அதே பாட்டுதான் வேண்டும் என்றும் சொன்னார். பேஸைத் தான் பாடிவிடுவதாக டேனியல் சார் முன்வந்தார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க உங்களுதையே பாடுங்க சார். அவரு எடம் அப்படியே இருக்கட்டும்."

அப்படியே பாடினோம். அந்த இடம் வந்ததும் எல்லாரும் நின்றோம். அம்மாவின் கை அசைந்துகொண்டிருந்தது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அது அடியைத் தொட்டதும் ஒன்றாக எழுந்தோம்.

மாமாவின் பொருட்கள் ஒரு பையில் ஊர் வந்து சேர்ந்தன. அதிலிருந்த தடித்த கறுப்பு ஒயரை அத்தை என்னிடம் தந்தார். "உன் பொட்டியோடதுதானே" என்றார். இப்போது அதில்தான் பெட்டியை இணைக்கிறேன். சார்ஜரில் தொங்கித் தொங்கி ஒரு முனை சற்று வளைந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் பாடல்களைப் பதியத் தொடங்கியிருக்கிறோம். நான்காவது வரிசையைக் காலியாக விட்டு, அதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். அல்லேலூயாவில் அவர் இடம் வரும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான்.